ஏழாவது வேட்டு

அந்த வருஷம் ஆரோக்கியபுரத்து நாய்கள் குரைப்பதையே விட்டுவிட்டிருந்தன. கடத்தூர் சாலையில் குடம் சுமந்து வரும் பெண்களைக் கண்டால் எழுந்து பின்னாலேயே கொஞ்ச தூரம் போகும். குடத்திலிருந்து எதுவும் சிந்தாது என்று தெரிந்ததும் அந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும். பஸ் வந்து ஹாரன் அடித்தாலும் எழலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷம். மழை பொய்த்து ஊர்க் கிணறுகளெல்லாம் பாறையைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மாதா கோயில் நிலத்துக் கிணறு மட்டும் ஆழப்படுத்தினால் தண்ணீர் கொடுக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். கோயில் பங்கின் சேவைச் சங்கம் அந்த வேலையை எடுத்திருந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூலியாகக் கோதுமையும் எண்ணெயும். மேற்பார்வை இன்னாசிராஜ்.

இன்னாசிராஜுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடமாட்டான். கோதுமைக் கிடங்கைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். வடத்தில் முடிச்சுப் போட்டது யாராக இருந்தாலும் தானும் ஒரு முறை இறுக்கிப் பார்ப்பான். கிணற்று வேலைக்கு இப்படிப்பட்டவன்தான் வேண்டும் என்று பங்குச் சாமியார் அவனைப் பிடித்துப் போட்டிருந்தார்.

இரண்டு வருஷமாக அவனுக்கு ஒரு குறை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. பூசையில் முழங்காலில் நிற்பான். மனசு கிடங்கில் நிற்கும். செபமாலை உருட்டும் விரல்கள் எண்ணெய் டின்களை எண்ணிக்கொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் கஞ்சி ஊற்றுகிறோம், நம் உள்ளே ஒன்றும் இல்லையே என்று தோன்றும். பிறகு அப்படித் தோன்றுவதே அகங்காரமோ என்று இன்னொரு சந்தேகம் வரும்.

தவக்காலம் தொடங்கியதும் சேலத்தில் மூன்று நாள் தியானத்துக்குப் போனான். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லிவிட்டான்.

"சாமி, வாயி மட்டும் செபம் சொல்லுதுங்க. மனசு வேலையிலேயே கெடக்குது."

தியானம் கொடுக்க வந்திருந்த குரு வயதானவர். கூண்டின் வலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "உங்க ஊர்க் கோயில்ல மூவேளை மணி அடிக்கறாங்களா?"

"அடிக்கறாங்க சாமி."

"அடிச்சா நில்லு. கையில என்ன இருந்தாலும் கீழ வச்சிட்டு நில்லு. கண்ண மூடு. அந்த நேரம் உனக்கும் ஆண்டவருக்கும் மட்டும். கெணறு எங்கயும் ஓடிப் போயிடாது."

ஊருக்குத் திரும்பியதிலிருந்து இன்னாசிராஜ் அதை அப்படியே செய்தான். காலையில் மணி அடித்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு ரோட்டோரம் நிற்பான். சாயங்காலம் கோதுமை அளந்துகொண்டிருக்கும்போது அடித்தால் படி அந்தரத்தில் நிற்கும். வரிசையில் நிற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"மேஸ்திரி நின்னு போச்சுடி. யாராவது சாவி குடுங்க" என்பாள் லூர்து மேரி.

அவள் வடம் இழுக்கும் பெண்களுக்குத் தலைவி. அவனுடைய மாமன் சவரியின் மனைவி. அத்தை முறை என்பதால் வாய்க்குப் பூட்டே கிடையாது. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஏனென்றால் கொஞ்ச நாளாக அந்த மணி நேரத்தில் ஏதோ ஒன்று உள்ளே சொட்டத் தொடங்கியிருந்தது. மிக மெதுவாக. அதை விட்டுவிட அவனுக்கு மனமில்லை.

கிணற்றில் பாறை உடைக்கும் முறை இதுதான். சவரியும் அவன் கூட்டாளி பெரியண்ணனும் அடியில் உளியும் சம்மட்டியுமாகப் பாறையில் குழி போடுவார்கள். வேட்டுக்காரர் மாது வந்து அதில் கருமருந்தைத் திணித்துக் கிட்டித்துத் திரி வைப்பார். ஒவ்வொரு திரியும் ஒவ்வொரு நீளம். அப்போதுதான் வேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். மேலே நிற்பவன் எண்ண முடியும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்டால்தான் ஆள் இறங்கலாம். ஒன்று குறைந்தால் அது உயிரோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாதுவுக்கு இருபது வருஷ வேட்டுச் சத்தத்தில் காது மந்தம். அதனால் எண்ணுவது இன்னாசிராஜின் வேலை.

வழக்கமாக மத்தியான மணி அடித்ததும் எல்லோரும் மேலே ஏறி விடுவார்கள். அதன் பிறகுதான் திரிக்கு நெருப்பு. அன்றைக்கு மட்டும் மாது அவசரப்பட்டார். பாப்பிரெட்டிப்பட்டியில் அக்காள் மகளுக்குக் கல்யாணம். பன்னிரண்டேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

"தம்பி, இன்னிக்கு ஏழு குழி. இப்பவே கொளுத்திடறேன். நீ எண்ணிச் சொல்லு, நான் அப்படியே பஸ் ஏறிடறேன்" என்றார்.

இன்னாசிராஜ் தலையை ஆட்டினான். மணியைப் பற்றி அவனுக்கு நினைவே வரவில்லை. ஏனென்றால் முந்தின நாள் அடியில் வடகிழக்கு மூலையில் பாறை வியர்த்திருந்தது. சவரி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "தண்ணிதான் மாப்ள, தண்ணியேதான்!" என்று கத்தியிருந்தான். ஊருக்கே அது தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் அன்றைக்கு அவசரம்.

மாது நெருப்பு வைத்துவிட்டு, வடத்தில் கட்டிய தொட்டியில் ஏறினார். பெண்கள் மேலே இழுத்தார்கள். எல்லோரும் ஓடி வரப்புக்கு அந்தப் பக்கம் பதுங்கினார்கள். தரை உதறியது. ஒன்று. கிணற்று வாயிலிருந்து கல்லும் புழுதியும் எழும்பி விழுந்தன. இரண்டு. மூன்று.

கோயில் மணி அடித்தது.

இன்னாசிராஜின் கை தானாகத் தலைத்துண்டை எடுத்தது. முழங்கால் நேரானது. கண்கள் மூடிக்கொண்டன. எண்ணிக்கொண்டே செபிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. மணியோசைக்கும் வெடியோசைக்கும் நடுவே எங்கோ ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. இரண்டு வருஷமாக இல்லாத ஒரு நிறைவு மார்புக்குள் ஏறி நின்றது. கன்னத்தில் ஈரம் வழிந்து புழுதியோடு சேறானது. அவன் துடைக்கவில்லை.

கண் திறந்தபோது ஊர் அமைதியாக இருந்தது. மாது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

"எல்லாம் வெடிச்சுதா தம்பி?"

"வெடிச்சுதுங்கண்ணே."

"ஏழும்?"

"ஏழும்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எல்லாம் நிறைந்திருந்தது. எதுவுமே குறைவாக இருக்க முடியாது என்று தோன்றியது. மாது வேகமாக நடந்தார். பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு புழுதிக்குள் போய்விட்டது.

சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. மூன்று வரை அவனுக்குத் தெளிவாக நினைவிருந்தது. நான்காவதா, மணியா? மணி மும்மூன்றாக அடிக்கும். நடுவில் வேட்டு விழுந்தது. அது ஒன்றா, இரண்டா? பிறகு நீளமாக மணி. அதற்குள் ஏதாவது? அவன் வாயில் வைத்த கோதுமைச் சோறு மெல்லாமல் நின்றது.

பூட்டைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற சந்தேகம்தான் இது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற புத்தி. செபத்தில் கிடைத்ததையும் தின்னப் பார்க்கிறது. பிசாசு இப்படித்தான் வரும் என்று தியானத்தில் சொல்லியிருந்தார்கள்.

இருந்தாலும் எழுந்து லூர்து மேரியிடம் போனான்.

"அத்த, வேட்டு எத்தனை கேட்டுச்சு உனக்கு?"

"நான் காதப் பொத்திட்டு யேசு மரின்னு குந்தினு இருந்தேன். என்ன கேக்கறான் பாரு. எண்ணறதுக்குத்தானே உனக்கு மேஸ்திரின்னு பேரு?"

பெரியண்ணன் வேப்பமரத்தடியில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். "ஆறோ ஏழோ" என்றான் புகையை விட்டு. "ரெண்டு ஒண்ணா சேந்து வெடிச்சா யாரு கண்டா? என்னாத்துக்கு மேஸ்திரி கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அந்தச் 'சும்மா' நாக்கில் கசந்தது. கேட்கிற முறையில் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். எண்ணவில்லை, கண்ணை மூடிச் செபித்தேன் என்று சொல்ல வேண்டும். சிரிப்பார்கள், அதைக்கூடத் தாங்கலாம். ஆனால் அரை நாள் வேலை போகும், அரை நாள் கோதுமை போகும். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாததற்கு அவனுடைய செபம் காரணமாகிவிடும். அதற்குப் பிறகு மணி அடிக்கும்போது எந்த முகத்தோடு நிற்பது?

கிணற்றின் விளிம்பில் குனிந்து பார்த்தான். புகை அடங்கியிருந்தது. கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து வெளிச்சத்தை உள்ளே திருப்பினான். அந்த வெளிச்சம் சுவரில் வழுக்கி அடியில் போய் விழுந்தது. உடைந்த கற்கள் குவிந்து கிடந்தன. வடகிழக்கு மூலையில் மட்டும் பாறை முழுசாக, ஒரு மாட்டின் முதுகுபோல உப்பிக்கொண்டு நின்றது. அங்கே குழி ஆழம் போதாமல் இருந்திருக்கலாம். மருந்து குறைந்திருக்கலாம். கண்ணாடி அசைந்ததில் வெளிச்சம் அந்த முதுகின் மேல் ஏறி இறங்கி, அது மூச்சு விடுவதுபோல இருந்தது.

"மாப்ள, தள்ளு" என்றான் சவரி பின்னாலிருந்து. கடப்பாரையைத் தோளில் வைத்திருந்தான். "ஊத்துக்கண்ணு எங்கயாவது ஓடறதுக்குள்ள புடிக்கணும். இன்னிக்குக் கண்டிப்பா தண்ணி."

"மாமா, புகை இன்னும் கொஞ்சம் போகட்டும்."

"புகையா? எங்கடா புகை? உன் கண்ணுலதான் புகை." சவரி சிரித்தபடி தொட்டியில் கால் வைத்தான். பெரியண்ணன் பீடியை நசுக்கிவிட்டு அவனோடு ஏறிக்கொண்டான். லூர்து மேரி குரல் கொடுக்க, பெண்கள் வடத்தை மெல்ல விட்டார்கள். கப்பி கிறீச்சிட்டது.

இன்னாசிராஜ் பார்த்துக்கொண்டே நின்றான். மாமனின் தலை முதலில் வெயிலிலிருந்து நிழலுக்குள் போனது. அப்புறம் வெறும் வெள்ளைத் துண்டு. அப்புறம் அதுவும் இல்லை. ஒரு செபம் சொல்லிப் பார்த்தான். வார்த்தைகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. மத்தியானம் நிறைந்திருந்தது எல்லாம் எங்கே போனது என்று தேடினான். தேடிய இடத்தில் ஒரு கேள்விதான் கிடந்தது: ஏழா?

அடியில் கல் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சவரியின் குரல், குகையிலிருந்து வருவதுபோல: "பெரியண்ணா, மொதல்ல அந்த மூலையப் பாப்போம். இதுக்கு அடியிலதான் ஊத்து இருக்கும். தள்ளிக்க, கடப்பாரையப் போடறேன்."

"மாமா!"

அவன் போட்ட கூச்சலில் வடம் பிடித்திருந்த பெண்கள் திடுக்கிட்டார்கள்.

"தொடாதீங்க! கடப்பாரைய வச்சிடுங்க! மெதுவா வைங்க! மேல வாங்க!"

"என்னடா ஆச்சு?"

"நான் எண்ணல மாமா! ஏழுன்னு சொன்னது நெசமில்ல. எனக்குத் தெரியாது!"

கிணற்றுக்குள் ஒன்றும் அசையவில்லை. பிறகு இரும்பைக் கல்லின் மேல் மிக மிக மெதுவாக வைக்கும் ஓசை வந்தது. ஒரு குழந்தையைத் தூங்க வைப்பதுபோல.

தொட்டி மேலே வர எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் சொல்ல முடியாது. வடத்தைப் பிடித்த லூர்து மேரியின் கைகளில் நரம்பு புடைத்திருந்தது. சவரியின் துண்டு வெயிலுக்குள் வந்ததும் அவள் வடத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு நேராக வந்து இன்னாசிராஜின் சட்டையைப் பிடித்தாள்.

"ஏழுன்னு சொன்னியேடா! என்னாடா பண்ணிட்டு இருந்த அப்ப?"

"மணி அடிச்சுது அத்த. கண்ண மூடிட்டேன்."

அவள் கை சட்டையிலேயே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தாளக் கொன்னுட்டு அப்புறம் எந்தச் சாமிகிட்டடா கண்ண மூடுவ?" என்றாள்.

சவரி தரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியண்ணன்தான் முதலில் பேசினான். "வுடுங்க அக்கா. அந்த மூலை எனக்கும் சரியாப் படல. மாது வரட்டும். அதுவரைக்கும் யாரும் எறங்க வேணாம்."

"மாதண்ணன் வர்றதுக்கு ரெண்டு நாளாகும்" என்றான் இன்னாசிராஜ். "பாறை வேர்த்தது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. விடியறதுக்குள்ள கொடம் ஏனமெல்லாம் தூக்கிட்டு எறங்குவாங்க. சின்னப் புள்ளைங்களக் கயித்துல கட்டி எறக்குவாங்க. முள்ளு போட்டு அடச்சாலும் நிக்க மாட்டாங்க. யாராவது ஒருத்தர் அந்த மூலையச் சொரண்டினா போதும்."

அது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"கருமருந்து தண்ணி பட்டா செத்துப் போவும்னு மாதண்ணன் சொல்லியிருக்காரு" என்றான். "குழி வாயக் கண்டுபுடிச்சு ஊத்தணும். மருந்து ஊறணும்."

"தண்ணியா?" என்றாள் லூர்து மேரி. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. காலையில் இருட்டோடு போய், வறண்ட ஏரிக் குழியில் சுரண்டி, வெயில் ஏறித் தூக்கி வந்த குடங்கள் வேப்பமர நிழலில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஈரத்துணி. வீட்டுக்கு ஒன்றுதான்.

"உள்ள இருக்குன்னு உனக்கே நிச்சயமாத் தெரியுமா?" என்றாள் இன்னொருத்தி.

"தெரியாது." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "இல்லாமலும் இருக்கலாம். அப்ப உங்க தண்ணி வீணாப் போன மாதிரிதான்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கேட்பதற்கு அவனுக்கு உரிமையே இல்லை என்று அவனுக்குத் தெரியும். இத்தனை நாள் கோதுமையை அவர்களுக்கு அளந்து கொடுத்தவன் அவன். இப்போது வெறும் கையோடு அவர்கள் முன்னால் நின்றான். யாரும் நகரவில்லை. தெருநாய் ஒன்று குடங்களின் பக்கம் வந்து மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

லூர்து மேரி போய்த் தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "என் ஆம்பள மேல வந்துட்டாரு. அதுக்கு இது" என்றாள் யாரையும் பார்க்காமல். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இறங்குவது யார் என்ற பேச்சு வந்தது. "நான் போறேன் மாப்ள. எனக்கு அந்தப் பாறை பழக்கம்" என்றான் சவரி. எழுந்து கயிற்றை எடுத்தான். இன்னாசிராஜ் அதை வாங்கிக்கொண்டான்.

"எண்ண வேண்டியவன் நாந்தான் மாமா."

"நீ எறங்கி என்னாடா பண்ணுவ? அங்கயும் கண்ண மூடிட்டு நிப்ப" என்றாள் லூர்து மேரி. திட்டுவதுபோலத்தான் சொன்னாள். ஆனால் அவன் இடுப்பில் கயிற்றை அவளே கட்டினாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

இத்தனைக்கும் நடுவே பொழுது சாய்ந்திருந்தது. அடியில் வெயில் இல்லை. மருந்து நாற்றம் மூக்கை அறுத்தது. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. பெரியண்ணன் விளிம்பில் நின்று கண்ணாடியால் வெளிச்சம் அனுப்பினான். சாயங்கால வெயில் என்பதால் அந்த வெளிச்சமும் சிவந்து, பாறையின் மேல் நடுங்கியது. இன்னாசிராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். கற்களைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தான். எறியவில்லை. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே தன் மூச்சையே கேட்டான்.

உப்பிய பாறையின் அடிப்பக்கம், சரளைக்குக் கீழே, களிமண் அடைத்த குழியின் வாய் இருந்தது. அதிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கருகிய திரி நீட்டிக்கொண்டிருந்தது. எலி வால்போல.

ஆறுதான் வெடித்திருந்தது.

அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, சவரி மெதுவாக வைத்த கடப்பாரை கிடந்தது.

அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு மேலே குரல் கொடுத்தான்: "இருக்குது! தண்ணிய எறக்குங்க!"

குடங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. களிமண்ணைக் கரைத்துக்கொண்டு, ஒரு கை அளவாக, தண்ணீரைக் குழிக்குள் விட்டான். அது உள்ளே போகும்போது மிக மெல்லிய சீறல் எழுந்தது. காற்று வெளியேறும் சத்தமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்புவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் தெரிந்திருந்தது. கடைசிக் குடத்தில் தன் தலைத்துண்டை நனைத்து, குழி வாயை அடைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான்.

கோயில் மணி அடித்தது.

சாயங்கால மணி. கிணற்றுக்குள் அது வேறு மாதிரி ஒலித்தது. பாறையே அதிர்ந்து எழுப்பும் ஒலிபோல. அவன் உடம்பு பழக்கத்தில் நிமிர்ந்தது. கை துணியை விட்டு எழும்பப் பார்த்தது.

"இன்னாசி!" மேலே லூர்து மேரியின் குரல். "கண்ண மூடிடாத! நீ கையப் பாரு. செபத்த நாங்க சொல்றோம்!"

அவள் தொடங்கினாள். மற்ற பெண்கள் வடத்தைப் பிடித்தபடியே பதில் சொன்னார்கள். சவரியின் கரகரத்த குரல் அரை வார்த்தை பிந்திச் சேர்ந்துகொண்டது. மாதாவுக்கான மங்கள வார்த்தைகள் கிணற்றுச் சுவரில் மோதி மோதி இறங்கி வந்தன. இன்னாசிராஜ் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். உதடு மட்டும் அசைந்தது. மத்தியானம் வந்த நிறைவு வரவில்லை. கைக்கு அடியில் ஈரமும் கல்லும் இருந்தன. மேலே நாலைந்து பேருடைய தாகம் இருந்தது. அவன் அதைத்தான் செபித்தான்.

செபம் முடிந்ததும் சவரி கத்தினான்: "மாப்ள, போதும், ஏறு! இருட்டுது. இனிமே மணி அடிச்சு முடிச்சாத்தான் திரியத் தொடணும், சொல்லிட்டேன்!"

இன்னாசிராஜ் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தொட்டியில் ஏறினான். வடம் இறுகியது. கால் தரையை விட்டு எழும்பியது. பெரியண்ணனின் கண்ணாடியில் வெயில் செத்துக்கொண்டிருந்தது. கடைசி வெளிச்சத்தில் ஈரத்துண்டு கீழே சிறுத்துக்கொண்டே போனது. அவன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மருந்து ஊறி உறங்குகிறது என்பது வரை அவனுக்குத் தெரியும். செத்துவிட்டதா என்று மாது வந்து இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை இரவும் பகலும் கிணற்றின் வாயில் யாராவது ஒருவர் கண் மூடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைக்கு அது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.